அசனத்துக்குப் போய்க் கஞ்சி குடித்த கதை

டில்லியில் மகுடாபிஷேகம் நடந்ததற்கு மறு வருஷம், ஆனி மாதத்தில், பாளையங்கோட்டையிலிருந்து உடன்குடிக்குத் தெற்கே இரண்டு மைலில் உள்ள ஒரு கிராமத்துக்கு மாட்டுவண்டியில் போய்வந்தேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். வழி, தூரம், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம், நடுவழியில் வயிறு கெட்டால் எதைக் குடிப்பது, எதைத் தொடக்கூடாது எல்லாம் இதில் உண்டு. என்னைப் பற்றியும் கொஞ்சம் உண்டு. ஊரின் பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

போன காரணம் அசனம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் கோவில் பண்டிகை அன்று ஊர் கூடிப் பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். ஒரே அண்டாச் சோறு, ஒரே குழம்பு. அங்கே சாதி கிடையாது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகிறது. சாதிக்கு மட்டும் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அசனம் வந்துவிட்டால் எங்கள் தெரு ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிறு சரியிருக்காது. மாட்டேன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வயிற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் மரியாதை கெடாது பாருங்கள்.

என்னை அழைத்தவர் பொன்னையா வாத்தியார். பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவர். பனைத்தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். கணக்கில் அவரை மிஞ்ச எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. சாயந்தரம் ஆற்றுப்பக்கம் நடக்கப் போனால் நானும் அவரும்தான். அவர் மனைவி அன்னம்மாள் மத்தியானச் சாப்பாடு கொடுத்தனுப்பும்போது எனக்கென்று ஒரு கிண்ணத்தில் ஏதாவது தனியாக வைத்து அனுப்புவார். "வயிறு சரியில்லை வே" என்பேன். பொன்னையா கிண்ணத்தை மூடி வைத்துவிடுவார். அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. என்னை நிஜமாகவே தீராத வயிற்றுநோய்க்காரன் என்று நம்பிவிட்டார்.

பிறகு கிண்ணத்துக்குப் பதிலாக மருந்து வர ஆரம்பித்தது. ஓமத் தண்ணீர் ஒரு குப்பி. மாதுளந்தோலைக் காயவைத்து இடித்த பொடி ஒரு பொட்டலம். கூடவே பொன்னையா வாய்மூலமாகப் பத்தியம். "அன்னம்மா சொல்லச் சொன்னா. முதல் நாள் வறுத்த அரிசிக் கஞ்சித் தண்ணியாம், மறு நாளு நொய்யாம், மூணாம் நாளுதான் மோராம். கறிய ஒரு வாரத்துக்குக் கண்ணால பாக்கப்படாதாம்." நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, குப்பியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அரளிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். அந்த அரளி நன்றாகத்தான் வளர்ந்தது.

அன்னம்மாள் அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கும் வயிறு சரியில்லை. பொன்னையா டம்ளரை நீட்டினவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆனி பிறந்ததும் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்புப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம், பண்டிகை முடிந்த வாரம் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறாராம், திரும்பி வருகிற உத்தேசம் இல்லையாம். "சனிக்கிழமை அசனம். ஒரு தடவை என் பக்கத்தில் உட்காரும் வே. வேறு ஒன்றும் கேட்கவில்லை" என்று முடித்திருந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தே தீருவது, வருகிறது வரட்டும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வீட்டில் நான்கு நாள் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

இனி வழி. செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணிக்குக் கூண்டு வண்டி பூட்டினோம். போக வர வாடகை ஆறு ரூபாய். வண்டிக்காரன் சுடலைமுத்து, பாளையங்கோட்டைக்காரன், நல்லவன், வாய் ஓயாதவன். பொன்னையாவோடு மூன்று நாள் இருந்து பேசிவிட்டு அசனத்தில் உட்காரலாம் என்பது என் உத்தேசம். செய்துங்கநல்லூர் வரைக்கும் பத்து மைல் ரஸ்தா ஒழுங்காக இருக்கிறது. அதற்கு அப்புறம் சாலை ஆற்றோடு ஒட்டிப் போகிறது. மலையில் சாரல் விழுந்து தாமிரபரணியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கலங்கின தண்ணீர். கருங்குளத்தில் வண்டியை அவிழ்த்துக் குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் தின்று, இரண்டு கையாலும் அள்ளி அந்தத் தண்ணீரையே குடித்தேன். ஊரில் ஒருவன் இதைச் செய்தால் வகுப்பில் நிற்கவைத்து உபதேசம் செய்கிற ஆள் நான்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு ஆழ்வார்திருநகரிக்கு அரை மைல் முன்னால் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். இருபது மைல் வந்தாயிற்று. வாசலில் பேர் கேட்டார்கள். "சாமுவேல் பிள்ளை" என்றதில் பின்பாதி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது, உள்ளே விட்டார்கள். இருட்டுகிற நேரத்தில் வயிற்றைப் பிடுங்க ஆரம்பித்தது. புதுத் தண்ணீரா புளியோதரையா என்று இன்றுவரைக்கும் தெரியாது. விடிவதற்குள் ஒன்பது தடவை போயிருந்தேன். விடிந்ததும் சத்திரத்து மணியக்காரர் தூரத்தில் நின்றுகொண்டு, "வாந்திபேதிக்காரர வச்சிருந்தா நாளைக்கு ஊரு என்னத்தான் கேக்கும். பைய எந்திரிச்சு வண்டியில ஏறிரும் அய்யா" என்றார். வாந்தி இல்லை, பேதி மட்டும்தான் என்று சொன்னேன். "எனக்கும் வயிறு இருக்கு அய்யா, என் வயித்தையும் நான் பாக்கணும்லா" என்றார். வயிற்றைச் சாக்காகச் சொல்லி வெளியே நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

வாய்க்கால் கரையில் மருத மரங்கள் இருக்கின்றன. அதன் கீழேதான் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கிடந்தேன். சுடலைமுத்து எனக்குச் சொட்டுத் தண்ணீர் தர மாட்டேன் என்று நின்றான். "குடிக்கக் குடிக்க நிக்காது அய்யா. வயித்தக் காயப் போட்டாத்தான் சரியாவும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்" என்றான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எழுந்தால் கண் இருட்டியது. அந்தச் சமயத்தில் எனக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் முழுசாக ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் கேட்டுக் கேட்டு அரளிக்கு ஊற்றின வைத்தியம்.

அதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உபயோகப்படும். புதன்கிழமை ஒரு கைப்பிடி அரிசியைச் சிவக்க வறுத்து, ஒரு பானைத் தண்ணீரில் கரையக் கொதிக்கவைத்து வடிகட்டச் சொன்னேன். ஆற்றுத் தண்ணீரைப் பானையில் தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைத்து, அதற்குப் பிறகு காய்ச்ச வேண்டும். கஞ்சித் தண்ணீரில் நாக்குக்குத் தெரிகிற அளவு உப்பு, சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. ஒரே மடக்காகக் குடிக்கக் கூடாது. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. போனாலும் குடிக்க வேண்டும், போகப் போகக் குடிக்க வேண்டும். "போற தண்ணிக்கு வாற தண்ணி ஈடு கட்டணும்னு அன்னம்மா சொல்லுதா" என்று பொன்னையா சொல்வார். நடுவில் இரண்டு இளநீர், ஒன்று அரையணா. சாயந்தரத்துக்குள் கண் இருட்டுவது நின்றது. சுடலைமுத்து மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

வியாழக்கிழமை நொய்யைக் குழைய வேகவைத்துச் சீரகம் தட்டிப் போட்ட கஞ்சி. பக்கத்தில் பால் கொண்டுவந்து விற்றார்கள். வேண்டாம் என்றேன், பால் அந்தச் சமயத்தில் ஆகாது. ஆனி மாதத்து மாம்பழமும் பதனீரும் கூட அப்படித்தான், ஆசை காட்டும், தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் மோரில் உப்பும் சுக்கும், குழைந்த சோறு இரண்டு கரண்டி. பொன்னையாவுக்கென்று கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். அதில் நாலைத் தணலில் சுட்டுத் தின்றேன். எண்ணெயில் பொரித்தது கூடாது, சுட்டதுதான். நான் சாப்பிட்ட அப்பளங்களிலேயே ருசியானவை அவை நாலும்தான்.

அந்த மூன்று நாளும் மரத்தடியில் படுத்துக்கொண்டு அந்த அம்மாளை நினைத்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் இல்லாத நோய்க்கு இவ்வளவு சரியான மருந்து தெரிந்து வைத்திருந்தாரே என்று நினைக்கும்போது அழுகை வந்தது. அழுதேன். சுடலைமுத்து வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு, "சரியாயிரும் அய்யா, சரியாயிரும்" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி வண்டி பூட்டினோம். குரும்பூர் ஆறு மைல், அங்கே தங்கினோம். நல்ல கிணறு இருக்கிறது, பயப்படாமல் குடிக்கலாம். அங்கிருந்து உடன்குடி பத்து மைல், பாதி வழி செம்மணல். சக்கரம் புதையும், மணிக்கு ஒன்றரை மைல்கூட நகராது. உடன்குடிப் பக்கம் நெருங்கினால் வழியெல்லாம் கருப்பட்டி காய்ச்சுகிற வாசனை. நல்ல வயிற்றுக்காரர்கள் அனுபவிக்கலாம். சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து மொத்தம் முப்பத்தெட்டு மைல்.

கோவில் வளவில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஐந்து அண்டாக்கள் அடுப்பில் இருந்தன. கறிக்குழம்பு வாசனை தெருமுனையிலேயே வந்தது. பொன்னையா வண்டிப்பக்கம் வேகமாக வந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். நான் இறங்கி நிற்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "வயிறு சரியில்லை வே. இந்தத் தடவை நெசமாகவே. மூன்று நாளாகக் கஞ்சிதான்."

கூட நின்ற இரண்டு பேர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பொன்னையா சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, ஏற்பாடு எல்லாம் ஆயிட்டு. வாங்க" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் என்னை "வாங்க" என்றவர் இல்லை. "வாரும் வே" என்பார்.

பந்தலிலிருந்து தள்ளி வேப்பமரத்தடியில் ஒரு ஓலைச்சாய்ப்பு. உள்ளே மூன்று புதுச் செங்கலை வைத்து ஒரு அடுப்பு, அதன்மேல் ஒரு புதுப்பானை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். "திருச்செந்தூர்லேருந்து ஆளு வரவழைச்சிருக்கேன். உங்க ஆளுதான்" என்றார் பொன்னையா. "பானை புதுசு. தண்ணி அவரே கோரிட்டு வந்தாரு. எங்க கை ஒண்ணுலயும் படல. நீங்க எப்பிடியும் வயிறு சரியில்லன்னு சொல்லுவீங்கன்னு தெரியும், அதான் வியாழக்கிழமையே சொல்லி வச்சேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். மனிதர் அன்பாகத்தான் சொன்னார். விருந்தாளிக்கு ஒரு குறை வரக்கூடாதே என்கிற கவலை அந்த முகத்தில் இருந்தது. ஆழ்வார்திருநகரி, சத்திரம், மருதமரம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "அப்பிடியா, அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை நம்பவில்லை. நம்பாதது தெரியக்கூடாது என்று பாடுபட்டார். அவருடைய அக்காள் அங்கே வந்து நின்று, "அன்னம்மா இருந்திருந்தா அய்யாவுக்குன்னு சுக்குப்பொடி இடிச்சு வச்சிருப்பா" என்றார். அக்காள் மட்டும் நம்பினார் என்று நினைக்கிறேன்.

அப்போது பந்தலுக்குப் பக்கத்தில் அண்டாவைச் சாய்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். வடித்த கஞ்சி ஆவி பறக்கத் தொட்டியில் விழுந்தது. பெண்பிள்ளைகள் செம்பில் மொண்டு உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் மாடுகளுக்கு. எனக்கும் அதற்கும் நடுவில் பத்துத் தப்படி இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சாய்ப்புக்குள் போய் உட்கார்ந்து, புதுப்பானைக் கஞ்சியைக் குடித்தேன். நல்ல கஞ்சி. பொன்னையா வந்து, "உப்புக் காணுமா?" என்று கேட்டார். காணும், போதும் என்றேன். பந்தியில் ஜெபம் ஆரம்பித்தது, அவர் போய்விட்டார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பொன்னையா வண்டிவரைக்கும் வந்து, அந்தப் புதுப்பானையைக் கழுவி வைக்கோலில் பொதிந்து உள்ளே வைத்தார். "வழியில காய்ச்சிக்கிட ஆவும்" என்றார். நான் அப்பளக் கட்டைக் கொடுத்தேன். நாலு குறைந்திருப்பதற்குக் காரணம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் விட்டுவைத்திருந்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொண்டார்.

செம்மணலில் வண்டி ஏறினதும் சுடலைமுத்து பேச ஆரம்பித்தான். இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டானாம். "உங்க சேக்காளி நல்ல மனுசன் அய்யா. நான் ஓரமா நின்னேன். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பக்கத்துல உக்கார வச்சாரு. அங்கன சோறு திங்க ஒரு ஓலைப்பட்டைய மட்டும் போட்டு இடம் விட்டு வச்சிருந்தாரு. இது எங்க வாத்தியாருக்கு வச்சிருந்தேன், பரவால்ல, நீரு உக்காரும்னாரு."

கொஞ்ச தூரம் போனதும் அவனே மறுபடி ஆரம்பித்தான். "ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. வடிகஞ்சி தொட்டித் தொட்டியா கெடந்துச்சு. ஒரு செம்பு வாங்கிக் குடிச்சுக்கிட்டே அவரு பக்கத்துல உக்காந்திருக்கலாம்லா. கறியத் தொடாட்டி என்ன. வயித்துக்கும் ஆச்சு, அவருக்கும் ஆச்சு. உங்களுக்கு அது தோணாமப் போச்சு பாருங்க."

தோணல என்றேன். பொய். தொட்டியைப் பார்த்த உடனேயே தோன்றிவிட்டது. மூன்று நாளாக நான் குடித்து உயிர் பிழைத்ததும் அதேதான், அரிசித் தண்ணீரும் உப்பும். அன்னம்மாள் சொன்ன பத்தியமும் அதுதான். உட்காருவதற்கு இடமும் இருந்தது, குடிப்பதற்குக் கஞ்சியும் இருந்தது, தடை சொல்ல ஒருவரும் இல்லை. புதுப்பானை அங்கே இருந்தது, அவ்வளவுதான். யாரோ எனக்காக வேலி கட்டி வைத்திருந்தார்கள், அதற்குள் போய் உட்காருவது சுலபமாக இருந்தது. நோயும் நிஜம், அதைச் சாக்காக வைத்துக்கொண்டதும் நிஜம். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் என்னோடு நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பொன்னையா கொழும்பிலிருந்து ஒரு கார்டு போட்டார். போய்ச் சேர்ந்த விவரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை, மழை எப்படி என்று நாலு வரி. அசனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. பானை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. நல்ல பானை, சட்டென்று சூடேறுகிறது.

இனி போகிறவர்களுக்கு. ஆனி, ஆடியில் ஆற்றில் புதுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். தேற்றாங்கொட்டை, சுக்கு, உப்பு, ஒரு படி நொய், ஒரு கருப்பட்டி வண்டியில் இருக்கட்டும். பேதி கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், வண்டிக்காரன் என்ன சொன்னாலும் சரி. இரண்டு நாளில் நிற்காவிட்டால், ரத்தம் கண்டால், நாக்கு வறண்டு தலை சுற்றினால், அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புங்கள். எண்ணெய், பால், காரம் ஒரு வாரம் வேண்டாம், கறியும் வேண்டாம். அந்த ஒரு வாரத்துக்குள் அசனம் வந்துவிட்டால் போகாமல் இருக்காதீர்கள். பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கெல்லாம் பொங்கின அண்டாவிலிருந்து வடித்த கஞ்சியை ஒரு செம்பு கேட்டு வாங்கி, உப்புப் போட்டுக் குடியுங்கள். வயிற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. பத்துத் தப்படி நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முப்பத்தெட்டு மைல் போன நான் அதை நடக்கவில்லை.